மச்சாள் கண்ட மடம்

“எத்தினை பேருக்குச் சமைச்சவையாம்?” என்று மச்சாள் கேட்ட அந்தப் பின்னேரம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. நோர்வேயில், எங்கள் மோர்டென்ஸ்ருட் வீட்டுச் சமையலறை மேசையில் அவருடைய வரலாற்றுப் புத்தகம் விரிந்து கிடந்தது. இரண்டு நாளில் வாய்மொழித் தேர்வு. கிடைத்த தலைப்பு, இடைக்காலச் சமுதாயத்தில் ‘க்ளொஸ்தர்’களின் பங்கு. அந்த நோர்வேஜியச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். துறவிகள் உலகை விட்டு ஒதுங்கிச் சேர்ந்து வாழும் இடம் என்று நான் ஒழுங்காக விளக்கியிருக்க வேண்டும். நோர்வேஜியம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்ற நினைப்பு வேறு. அடுப்பில் கறி கொதிக்க, “மடம், மச்சாள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். யாழ்ப்பாணத்தாருக்கு மடம் என்றால் கோயிலடியில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கும் கட்டடம். அவருடைய கேள்வி அப்படித்தான் பிறந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. பகலில் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை, மாலையில் வளர்ந்தோருக்கான வகுப்பு. தாதியர் படிப்பில் சேர இந்த ஒரு பாடம்தான் பாக்கி. முந்திய வருடம், பாடமாக்கியதெல்லாம் பரீட்சகர்களைக் கண்டதும் மறந்துபோய், வாய் திறக்காமல் எழுந்து வந்தவர். இந்த முறையும் தவறினால் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள், அதுதான் எனக்குப் பயம்.

தேர்வன்று காலை ரயிலில் அவருடைய புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பிரார்த்தனை, மௌனம், ஏடு எழுதுதல் என்று பக்கம் பக்கமாக இருந்தது. மச்சாளின் பென்சில் கோடோ சமையலறை, நோயாளிகள், விருந்தினர், தானமாக வந்த நிலம் ஆகியவற்றின் கீழ் மட்டும்தான். நான் சொன்ன அர்த்தம் அரைகுறை என்று ஒப்புக்கொண்டேன். “இப்ப வந்து சொல்லுறாய்,” என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. “நான் விளங்கினதைத்தான் கதைப்பன்.”

அரை மணித்தியாலத்தில் தேர்வறையை விட்டு வெளியே வந்தார். புள்ளியைத் தீர்மானிக்கும்வரை வெளியே இருக்கச் சொன்னார்களாம். “என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டேன். பணக்காரர் ஏன் மடத்துக்குக் காணி எழுதினார்கள் என்று கேட்டார்களாம். செத்த பிறகு தங்கள் பேரில் யாராவது கும்பிட வேண்டும், அந்தச் சாட்டில் ஏழைக்கும் ஒரு பிடி கிடைக்கும் என்றிருக்கிறார். மடம் யாருக்காக என்பது அடுத்த கேள்வி.

“வழியில வாற சனத்துக்கு எண்டனான். நானும் அப்பிடி வந்தனான்தானே. எனக்குக் கதவு திறந்த இடத்துக்கு நீங்கள் மொத்தாக் எண்டு பேர் வச்சிருக்கிறியள், அந்தக் காலத்தில அந்த வேலையையும் க்ளொஸ்தர்தான் பாத்தது எண்டு சொன்னன்.”

மொத்தாக் என்பது அகதிகளை முதலில் தங்கவைக்கும் முகாம். துறவிகளைக் கொண்டுபோய் அகதி முகாமில் விட்டுவிட்டாரே என்று தலையில் கை வைத்தேன். கதவு திறந்தது, மச்சாளை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் ஐந்து விரலையும் விரித்தார். இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் போல என்று நான் மறுபடியும் உட்காரப் போனேன். அவர் சிரித்த பிறகுதான் விளங்கியது. ஆறுதான் உச்சப் புள்ளி, இரண்டு எடுத்தாலே தேர்ச்சி. மச்சாள் ஐந்து எடுத்திருந்தார். அந்த நடைபாதையில் நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

முன்பு தரை துடைத்த அதே இல்லத்தில் இன்று அவர் தாதி. வெள்ளைச் சீருடையில் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். ஆனாலும் மச்சாள் என்றதும் அன்று பள்ளிக்கூட வாசல் வெயிலில் நின்று என் கணவருக்கு போன் எடுத்த பெண்ணைத்தான் நினைக்கிறேன். அதுவரை ‘பாஸ் பண்ணினால்’ என்று தொடங்காமல் அந்தப் படிப்பைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

“தம்பி,” என்றார், “ஓகஸ்ட்டில நான் நேர்சிங் தொடங்கிறன்.”