ஐஸ் பெட்டிக்குள்ள என்ர கண்மருந்து

மீன் விக்கிறவளுக்கு வாய் பிறகு, கண்தான் முதல். செவுள் சிவப்போ, வெளிறிப் போச்சோ எண்டு கண்தானே சொல்லவேணும். அந்தக் கண்ணுக்குள்ளதான் எனக்குப் பிரஷர், நீரழுத்தம் கூட. இடக்கண்ணில ஓரப்பார்வை கொஞ்சம் போயிட்டுது. போனது வராது, இருக்கிறதை மருந்து விட்டுக் காப்பாத்தலாம் எண்டார் டொக்டர். காப்பாத்திக் காட்டுறன் எண்டு இண்டைக்கும் மன்னார்ச் சந்தையில நிக்கிறன். என்னைப்போலத் துளிமருந்தோட மாரடிக்கிற சனமே, இந்தக் கதையள் உங்களுக்குத்தான்.

காகம் தூக்கின ஒரா

இடப்பக்கத்தால காகம் வந்து ஒரு ஒரா மீனைத் தூக்கினது எனக்குத் தெரியேல்ல. சந்தையே சிரிச்சுது. வந்துதே ஆத்திரம்! அடுத்தநாளே மேசையை இழுத்து இடப்பக்கத்தைச் சுவரோட ஒட்டினன். இனி எந்தக் காகமும் வலப்பக்கத்தாலதான் வரவேணும், அங்க நான் கத்தியோட நிக்கிறன்.

பக்கத்தில கருவாடு விக்கிற அனீபா நானாவுக்கு என்ர மேசையில எப்பவும் ஒரு கண். மருமகனுக்கு இடம் பாக்கிறார் எண்டு எனக்குத் தெரியாதோ? "ஏன் கஷ்டப்படுறியள் தங்கச்சி, மேசையை எங்களுக்குத் தந்திட்டு வீட்டில இருங்கோ" எண்டார்.

டீச்சரின்ர சந்தேகம்

மருந்தைக் குளிரில வைக்கச் சொன்னவை. வீட்டில பிரிஜ் இல்லை. மீன்காரிக்கு ஐஸுக்கென்ன பஞ்சம்? போத்திலை மூடி போட்ட டப்பாவில வைச்சு ஐஸ் பெட்டி மூலையில வைப்பன். காலமைத் துளி சந்தையிலதான்.

ஒருநாள் சவுக்காரம் போட்டுக் கை கழுவிப்போட்டுப் போத்திலை எடுக்க, வாடிக்கைக்கார டீச்சர் கண்டிட்டா. "ஐயோ அக்கா, மீனுக்கு மருந்தடிக்கிறியளோ?" எண்டு கத்தினா. நிண்ட சனம் விலகத் தொடங்கிச்சுது. நான் அவ முன்னாலயே அண்ணாந்து கண்ணில விட்டன். "இது மீன் பழுதாகாமல் இருக்க இல்லை டீச்சர், நான் பழுதாகாமல் இருக்க!" டீச்சருக்கு முகம் சிவந்து போச்சு. "அப்ப ஒரு கிலோ பாரை போடுங்கோ, உங்கட கண்ணை நம்பி வாங்கிறன்" எண்டா.

மச்சாள் கொண்டுவந்த மண்

நோகாத கண்ணுக்கு ஏன் மருந்து எண்டு மச்சாளுக்குக் கவலை. மடு மாதா கோயிலில இருந்து மண் கொண்டுவந்து, கரைச்சுக் கண் கழுவு எண்டா. மாதாவில எனக்கு விசுவாசம் குறைவில்லை. மண்ணை நெத்தியில பூசினன், கண்ணுக்குள்ள டொக்டர் தந்ததைத்தான் விட்டன். மச்சாள் தலையில கைவைச்சா. "உன்ர பிடிவாதத்துக்கு மாதாவே பயப்பிடுவா!"

நானாவின்ர போத்தில்

போனமாதம் கிளினிக்குக்குப் பயந்து பயந்துதான் போனன். பிரஷர் இறங்கியிருக்கு, பார்வை இன்னும் குறையேல்ல எண்டினம். வெளியில வந்து அழுதிட்டன். பாத்தால், வாங்கில குந்தியிருக்கிறார் அனீபா நானா! கண்ணாடி மாத்த வந்தவருக்குக் கண் பிரஷரையும் பாத்திருக்கினம், என்னைப்போல அவருக்கும் அது கூடிப்போச்சாம். "நோவே இல்லையே தங்கச்சி" எண்டு முகம் வாடிப்போய் இருந்தார். "நோகாமல்தான் பிடுங்கும் நானா, துளியை ஒருநாளும் விட்டிடாதேங்கோ" எண்டன்.

அடுத்தநாள் காலமை புதுப் போத்திலோட என்னட்ட வந்தார். கருவாட்டுக் கடையில ஐஸ் ஏது? குரலைத் தணிச்சு, "தங்கச்சி, உங்கட பெட்டியில ஒரு மூலை தருவியளோ?" எண்டார்.

மேசை கேட்டவருக்கு ஐஸ் பெட்டியில ஒரு மூலை குடுத்திட்டன். மேசையில ஒரு அங்குலமும் குடுக்கமாட்டன், இருக்கிற பார்வையிலயும் குடுக்கமாட்டன்.