எம்.டி.க்குப் பக்கத்து சீட்

யக்ஞநாராயணனுக்கு விமானத்தில் முன்னால் உட்கார ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். குரோம்பேட்டையில் வீடு, பம்ப்செட் கம்பெனியில் விற்பனை மேனேஜர், மாதத்துக்கு நாலு முறை பம்பாய். இப்படி ஓயாமல் பறக்கிறவர் என்பதால் ஏர்லைன்ஸ்காரர்கள் அவருக்கு ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். பின்னால் கூட்டம் வழிந்து முன்னால் காலி இருந்தால், கார்டு வைத்திருப்பவரைக் காசு வாங்காமல் பிசினஸ் கிளாசுக்கு மாற்றுவார்கள். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் மனிதர் முதுகுவலி அது இது என்று உளறிவிட்டுப் பின்னாலேயே போனார். முன்னால் கம்பெனி எம்.டி. இருந்ததுதான் காரணம்.

அந்தக் கம்பெனியில் எம்.டி. எதிரே யாரும் உட்கார்ந்தது கிடையாது. யார் போட்ட சட்டமோ, முப்பத்தொரு வருஷமாக இவரும் நின்றே பேசினார்.

1995 ஜூலையில் அவருக்கு ஓய்வு. இரண்டு வருஷ நீட்டிப்புக் கடிதம் எம்.டி.யின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மகள் அபிதகுஜாம்பாள் இன்ஜினியரிங் முடிக்க அதே இரண்டு வருஷம் பாக்கி. அந்த மாதக் கடைசியில் மீனம்பாக்கத்தில் போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு நகர்ந்தவரை, கவுன்டரில் இருந்த காந்திமதி திரும்பக் கூப்பிட்டாள்.

"சார், உங்களைப் பிசினஸ் கிளாசுக்கு மாத்தட்டுமா? ஒரே ஒரு சீட் இருக்கு."

எம்.டி. உள்ளே போனதை அவர் பார்த்திருந்தார். "வேண்டாம்மா. முதுகுவலி."

காந்திமதியின் எதிரே சேலையூர் செல்லியம்மாள் என்ற ஒரு பெண் டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். "எம் புள்ளைக்கு பம்பாய்ல ரெண்டு மணிக்கு ஆப்பரேசன் சார். டிக்கெட்டு கீது, எடம் இல்லன்றாங்க. இன்னா நாயம் இது?"

"பின்னாடி ஒரு டிக்கெட் கூடுதலா வித்துட்டாங்க சார்," என்றாள் காந்திமதி தணிந்த குரலில். "முன்னாடி சீட்டுக்குக் கார்டு இருக்கறவங்களைத்தான் மாத்தலாம். இன்னிக்குக் கார்டு உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு. நீங்க போனா உங்க சீட்டை இவங்களுக்குக் கொடுத்துடுவேன். அஞ்சு நிமிஷத்துல கவுன்டரை மூடணும்."

இந்த அம்மாள் ஏன் தன் கண்ணில் பட்டாள் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. அபிதா ஞாபகம் வந்தது. செல்லியம்மாள் அவரைக் கும்பிடக் கையைத் தூக்கினாள்.

"கும்பிடாதீங்கோ," என்றார். போர்டிங் பாஸைக் காந்திமதியிடம் நீட்டினார். "மாத்திடும்மா."

எம்.டி.க்குப் பக்கத்து சீட் அது. வேறு காலி இல்லை. சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எம்.டி. திரும்பினார். "இந்த சீட்டுக்கு யார் டிக்கெட் போட்டா?"

"ஏர்லைன்ஸ்லயே மாத்திக் கொடுத்தாங்க சார்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். பின்னால ஒரு அம்மாவுக்கு இடம் இல்லாமப் போச்சு."

எம்.டி. பேப்பரை விரித்துக்கொண்டார். விமானம் கிளம்பியது. சாப்பாடு வந்தது. இவர் தட்டைத் தொடவில்லை. எம்.டி. பக்கம் புரட்டும்போதெல்லாம் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்றுவிடலாமா என்றுகூட ஒரு தடவை நினைத்தார்.

கடைசியில் எம்.டி. பேப்பரை மடித்தார்.

"முப்பத்தொண்ணாம் தேதிக்கு மேல நீங்க வீட்ல ரெஸ்ட் எடுத்துக்குங்க. அந்த எக்ஸ்டென்ஷன் லெட்டர் வேண்டாம்."

"சரி சார்."

மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தார். பிறகு நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ஏர்ஹோஸ்டஸைக் கூப்பிட்டு சர்க்கரை தூக்கலாக ஒரு காபி கேட்டார்.

"உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுமா சார்?" என்று எம்.டி.யைக் கேட்டார்.