எண்பது பல் வேணுமுங்க

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளும் சேர்ந்து ரம்ப மேசையில் பிளேடு மாற்றினார்கள். பிளக்கைப் பிடுங்கியவள் அருள்மொழி. பிளேடு சுற்றாமல் மரக்கட்டையை முட்டுக்கொடுத்ததும் அவள்தான். ஸ்பேனர் சென்னியப்பன் கையில். திருகிக்கொண்டே மிஷினிடம் பேசினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. முடிஞ்சுதுங்க."

வீட்டில் யாருக்கும் போடாத 'ங்க' மிஷினுக்கு உண்டு. காரணமும் வைத்திருந்தார். "மனுசங்க கோவிச்சா பேசாம இருப்பாங்க. இவுங்க கோவிச்சா வெரலை எடுத்துருவாங்க."

மனைவி மாதம்மாளுக்கு இதில் மனக்குறை. "வெரலை எடுக்காம உட்டது என்னோட தப்புத்தான்" என்பார்.

சென்னியப்பன் நாற்பது வயதுவரை மிளகு விவசாயி. சொந்த வீட்டுக்கு ஓர் அலமாரி செய்தார். கதவு மூடவில்லை. பக்கத்து வீட்டு தனபால் வந்து பார்த்து, "காத்தோட்டமா இருக்குதே, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு" என்றார். மலைமேல் செம்மேட்டில் பட்டறை அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் இருபது வருஷம். கதவுகள் மூடப் பழகின. செய்து கொடுத்த பொருள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ருக்குமணி டீச்சர் மாற்றலாகி வரும்வரை.

டீச்சர் சமையலறை அலமாரிக்கு ஒரு கதவு கேட்டார். கதவு போனதும் சேலை முந்தானையை எடுத்து நாலு ஓரத்திலும் இழுத்துப் பார்த்தார். ப்ளைவுட் பிசிறில் நூல் மாட்டியது. "நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க ஐயா. முந்தானை ஒத்துக்கலை" என்றார். கதவு திரும்பி வந்தது. இரண்டாவதைச் சென்னியப்பன் தேய்தேய் என்று உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுபோனார். அன்றைக்கு டீச்சர் பட்டுச்சேலை. அதுவும் திரும்பி வந்தது.

"மூணாவதும் வந்துச்சுன்னா பட்டறையைப் பூட்டிட்டு மிளகுக்கே போயிருவேன் கண்ணு." மகளிடம் போனில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மூன்று தடவை சொன்னார்.

அருள்மொழி நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் கம்பெனியில் இஞ்சினீயர். விசாரித்தாள். அப்பா பத்து அங்குல பிளேடில் இருபத்து நாலு பல் வைத்து ப்ளைவுட் அறுத்துக்கொண்டிருந்தார். அது கட்டையைப் பிளக்கிற பிளேடு. பல் குறைந்தால் ஒவ்வொரு பல்லும் பெரிய கடியாகக் கடிக்கும். மேல்தோல் பிய்யும். "எண்பது பல் வாங்குங்கப்பா. கார்பைடு முனை. ஒரு பல் இடப்பக்கம் சாய்ஞ்சிருந்தா அடுத்தது வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கோணும்."

சேந்தமங்கலம் பிளேடு கடையின் நம்பரை அவர் 'பல்லு கடை' என்று பதிந்திருந்தார். போன வருஷம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டரை 'பல்லு' என்று. அன்றைக்குக் கண்ணாடியைக் காணோம்.

எடுத்தது டாக்டரிடம் வேலை பார்க்கும் ஜெனிபர்.

"ஏனுங்க, எண்பது பல்லு வேணுமுங்க."

"எண்பதா? ஒரு ஆளுக்கு மொத்தமே முப்பத்திரண்டுதானுங்க ஐயா."

"இப்ப இருபத்தி நாலுதானுங்க இருக்குது. கடிச்சா ஓரமெல்லாம் பிசிறு பிசிறாப் போகுது."

"எதைக் கடிச்சா?"

"ப்ளைவுட்டைத்தானுங்க."

"அதை எதுக்குங்க ஐயா கடிக்கிறீங்க?"

"டீச்சர் கேட்டாங்க."

"பக்கத்துல யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க."

மாதம்மாள் வாங்கினார். "ஆமாங்க, ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்குறாருங்க" என்றார்.

விஷயம் அருள்மொழிக்கு வந்து சேர்ந்தபோது அலுவலகத்தில் இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள். சனிக்கிழமை நாமக்கல்லிலேயே பிளேடை வாங்கினாள். எண்ணிப் பார்த்தாள். எண்பது.

ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் மாட்டினார்கள். மூன்றாவது கதவுக்கான ப்ளைவுட்டின் நல்ல முகம் மேலே இருக்கட்டும் என்றாள். பிளேடு பலகைக்கு மேல் ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும் என்றாள். அடிப்பக்கம் அறுக்கிற கோட்டின்மேல் டேப் ஒட்டினாள்.

"காயத்துக்குப் பிளாஸ்திரி போட்டுட்டு அப்புறமா அறுக்கச் சொல்ற."

"மெதுவாத் தள்ளுங்கப்பா."

"உங்க கம்பெனியிலயும் இஞ்சினீயருங்கதான் இருக்கறீங்க. கொண்டை ஊசி வளைவுல கடமுடான்னு சத்தம் போடாம ஏறுற லாரி ஒண்ணைக் காட்டு சாமி."

மெதுவாகத்தான் தள்ளினார். மிஷினை நிறுத்தி, டேப்பை உரித்தார். தோள் துண்டை ஓரத்தில் இழுத்தார். மாட்டவில்லை. நம்பவில்லை. மகளின் துப்பட்டாவை வாங்கி இழுத்தார். கடைசியில் கொடியிலிருந்து மாதம்மாளின் கல்யாணச் சேலையை எடுத்து வந்தார். உள்ளேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. சேலை வழுக்கிக்கொண்டு போனது.

"டீச்சர் இனி முந்தானையை வெச்சு என்ன பண்ணுவாங்கன்னு பார்க்கோணும்."

அன்றைக்கே கொண்டுபோகக் கிளம்பினார். டீச்சர் ஊரில் இல்லை, புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். சாயங்காலம் அருள்மொழி பஸ் ஏறினாள்.

செவ்வாய் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும் முன்பே முடிந்துவிட்டது. வயது அறுபத்தொன்று.

டீச்சர் துக்கத்துக்கு வந்தார். மாதம்மாளின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கதவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

கதவு பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. சென்னியப்பனே பழைய போர்வையைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார். மேலே ஒட்டிய டேப்பில் பென்சில் எழுத்து: 'டீச்சர் ஊடு. புதன் காலைல. திருகு எட்டு எடுத்துட்டுப் போகோணும்.'