மூக்கர் சொன்ன பொய்

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அது செய்த வேலைதான் பெரிது. மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு, புகை வரும் பக்கம் குனிந்து ஒரு தரம் இழுப்பார். பெட்ரோல் கூடுதலாகப் போகிறதா, பத்தவில்லையா, ஆயில் எரிகிறதா என்று அங்கேயே சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில்தான் வியாதி இருக்கும். அந்தத் திறமையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

அந்த மூக்கு போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. பெட்ரோல் கேனைத் திறந்து முகர்ந்தால் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. நாக்கு செத்துப்போன சமையல்காரன் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டா திரிவான்? வண்டி வந்தால் பழையபடி குனிவார், இழுப்பார், தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி, அது பெட்ரோல் கூடிக் கறுத்திருக்கிறதா, குறைந்து வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒன்றைச் சொல்வார். முக்கால்வாசி சரியாகவே அமைந்தது. வினையே அதுதான்.

பட்டறையில் அவரோடு வேலை செய்தவன் மனைவியின் தம்பி. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று கணக்குப் போடும் இசியூ பெட்டி இருக்கிறதே, அதை லேப்டாப்பில் மாட்டித் திருத்துவது அவன் வேலை. கெட்டிக்காரன். ஆனால் லேப்டாப் ஒன்றைச் சொல்லி மாமா வேறொன்றைச் சொன்னால், மாமா சொன்னதைத்தான் கேட்பான். சிறு வயதிலிருந்தே அவருடைய மூக்கைப் பார்த்து வளர்ந்தவன் வேறு எதை நம்புவான்?

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் வண்டியோடு வந்தார். நாள் முழுக்க உட்கார்ந்தே தைக்கிற மனிதருக்குச் சாயங்காலமானால் பறக்க வேண்டும். புது சைலன்சர் வேண்டும், அதற்கேற்றபடி இசியூவும் மாற்ற வேண்டும் என்றார். பழைய பைப்பைக் கழற்றிப் புதிதை எஞ்சினில் பூட்டியது மூக்கர். பெட்டியைத் திருத்தியது மச்சினன்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மச்சினன் நெற்றியைச் சுருக்கினான். "மாமா, பெட்ரோல் பத்தலன்னு லேப்டாப் காட்டுது. ஆனா எனக்கு என்னமோ கண்ணு எரியிற மாதிரி இருக்கு. நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க."

மூக்கர் குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை. பிளக்கோ புத்தம் புதுசு, அதைப் பார்த்தும் பயனில்லை. லேப்டாப் சொன்னதையே திருப்பிச் சொன்னார்.

"பத்தலதான் மாப்ள. ஏத்து."

அவன் ஏற்றினான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. வண்டி கறும்புகை கக்கியது, பெட்ரோலை மடமடவென்று குடித்தது. தையல்காரர் திரும்பி வந்தார். மச்சினன் பெட்ரோலைக் குறைத்தான். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி. திரும்பத் திரும்பக் குறைத்தும் அதே கதை. பிளக் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. பார்த்தவுடன் மூக்கருக்கு விளங்கிவிட்டது, முதல் நாள் சொன்னது தப்பு என்று. சொல்லத்தான் வாய் வரவில்லை.

கடைசியாக வந்தபோது தையல்காரர் வண்டியை விட்டு இறங்காமலே பேசினார். "பின்னாடி உக்காந்து பள்ளிக்கூடம் போற என் பொண்ணு இன்னிக்கு வாந்தி எடுத்தா. சிக்னல்ல நின்னா அவ்வளவு நாத்தம். நல்லா இருந்த வண்டிய உங்க மச்சினன் கெடுத்துட்டான். தெரியாத வேலைய எதுக்குத் தொடணும்?"

மச்சினன் தலை குனிந்து நின்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தின் சொந்தக்காரர் பக்கத்திலேயே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்ததையே துடைத்தார்.

அன்று வீட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள். "தம்பி வேலைய விடப்போறானாம். நாளைக்கு வந்து லேப்டாப்ப எடுத்துட்டுப் போயிடுவானாம். மாமா மூக்கு பொய் சொல்லாது, அப்ப என் கைதான் சரியில்ல, இந்தத் தொழில் எனக்கு வராதுங்கிறான். நெஜமாவா?"

வெட்கமாக இருந்தது அவருக்கு. ஒரு மூக்கைக் காப்பாற்ற ஒரு பையனின் கையை முடமாக்குகிறோம் என்று தோன்றியது. பாதியில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் மற்றவர்கள் வருமுன் பட்டறையைத் திறந்தார். முந்தின நாள் தையல்காரர் கோபத்தில் விட்டுப்போன வண்டியை ஸ்டார்ட் செய்தார். இந்த முறை குனியவில்லை. ஒரு கந்தலைச் சுருட்டி சைலன்சர் வாயை அரைகுறையாக அடைத்துவிட்டு, பைப்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஈரக் கையைக் காட்டினார். மணிக்கட்டில் புஸ் புஸ் என்று சூடு அடித்தது. அங்கே ஒரு கசிவு. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுப் பைப்பைக் கழற்றினார். உள்ளே, கசிவை அடைக்கும் கேஸ்கட் வளையம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. அன்றைக்குப் பூட்டும்போது பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருக்கிறார். அது கோணலாக உட்கார்ந்துவிட்டது. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போக, அடுத்தாற்போல் இருக்கிற, புகையை அளக்கும் சென்சார் ஏமாந்து பெட்ரோல் பத்தவில்லை என்று சொல்ல, பெட்டி அதை நம்பி ஊற்றியிருக்கிறது. மச்சினன் எவ்வளவு குறைத்தாலும் சென்சார் பேச்சைக் கேட்டுப் பெட்டி திரும்ப ஏற்றியிருக்கிறது. அந்தப் பையன் கையில் ஒரு தப்பும் இல்லை.

அவன் வந்தபோது இரண்டு வளையங்களையும் பெஞ்சில் வைத்துக் காட்டினார்.

"நான் பூட்டினது. அன்னிக்கே எனக்கு நாத்தம் தெரிஞ்சிருக்கணும். தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல மாப்ள. ஒன்கிட்ட பொய் சொன்னேன்."

மச்சினன் வளையங்களைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். புது கேஸ்கட் எடுத்து வந்து, தானே பைப்பைப் பூட்டினான். தான் ஏற்றியதையும் குறைத்ததையும் அழித்து, முதல் கணக்கையே பெட்டியில் போட்டான். ஸ்டார்ட் செய்து, மூக்கர் குனிகிற இடத்தில் அவன் குனிந்து நிமிர்ந்தான்.

"இப்ப கண்ணு எரியல."

மூக்கர் அங்கேயே தையல்காரருக்குப் போன் செய்தார். தப்பு தன்னுடையது, மச்சினன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அவன் காதில் விழும்படி சொன்னார். தையல்காரர் திட்டினார். திட்டு வாங்கியதில் மனம் லேசானது. பல மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கிவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"மாமா, போன மாசம் ஒரு டேங்குக்கு வெல்டிங் வெச்சோமே. கழுவிக் காயவெச்சது."

"ஆமா."

"கொஞ்சம் ஆவி மிச்சம் இருந்தாலும் பொறி பட்டு வெடிச்சிடும்னு, பெட்ரோல் முழுசாப் போயிடுச்சான்னு நீங்கதான் மோந்து பாத்தீங்க. ஒண்ணுமில்ல, வெச்சுக்கலாம்னு சொன்னீங்க."

மூக்கருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அது அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை. தன் பெயர், தன் மூக்கு என்றே இத்தனை நாளும் யோசித்திருந்தார்.

"அந்த டேங்க நான்தான் மடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டு இருந்தேன் மாமா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மூக்கர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.