அல்பிரட் பிரபுவின் ஜனாஸா

எங்கள் குழுவில் ஆறு பேர் வாசிப்பார்கள், ஒருவன் கேட்பான். அந்த ஒருவன் நான். வாசிக்கிறவர்களின் பெயர் கதையின் தொடக்கத்தில் வரும். அவர்களுக்குக் கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் நன்றி சொல்லிச் செய்தி வரும். கேட்கிறவனுக்குக் காதுவலிதான் வரும். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற நான், ஆள் இல்லாத நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, யார் எந்தச் சொல்லை விழுங்கினார், எந்த இடத்தில் மீன்காரன் ஹோர்ன் அடித்தான் என்று குறித்துக்கொண்டிருப்பேன். சம்பளம் கிடையாது. ஏன் செய்கிறாய் என்று என் மனைவி கேட்கிறாள், எனக்கும் பதில் தெரியாது.

குழுவைத் தொடங்கியவர் மருதமுனை றுஸ்தா டீச்சர். கொரோனாவில் ஊர் அடைபட்டுக் கிடந்த காலம். எழுதினவர் செத்து நூறு வருஷம் தாண்டி, இப்போது யாருக்கும் உரிமையில்லாத பழைய இங்கிலீசுப் பேய்க்கதைகளை அவர் தமிழாக்கினார். எங்களை வாசிக்கவைத்து, யாரும் சும்மா கேட்கலாம் என்று இணையத்தில் ஏற்றினார். டீச்சர் நல்லவர், ஆனால் விதி என்றால் விதிதான். எழுதியதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வெளிச்சத்தம் வந்தால் வெட்ட வேண்டும். ஒருவரின் ஒலிப்பதிவு நாலாம் தரமும் பிழையாய்ப் போனால் கதை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த நாலு தரத்தையும் ஒரே கதையில் தொட்டுப் பார்த்த ஒரே மனிதர் அச்சிமுகம்மது காக்கா.

ஊருக்கே அண்ணன் முறை, அதனால் காக்கா. சாய்ந்தமருதில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவர் குரலைத் தெரியாதவர் பிறக்கவும் இல்லை. ஊரில் யாராவது மௌத்தானால் ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் அறிவிக்கிறவர் அவர்தான். கனத்த, நிதானமான, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். அந்தக் குரலின் கேடு என்னவென்றால், அது எங்கே கேட்டாலும் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். ஒருநாள் ஹோட்டலில் அவர் "ரெண்டு பராட்டா" என்று கேட்டிருக்கிறார். பின்மேசையில் இருந்த மூன்று பேர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு "இன்னாலில்லாஹி" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். சொந்த மகளின் கலியாணத்துக்கு அவர் போனில் அழைப்புச் சொல்லப்போக, மூதூரில் ஒரு மாமி அழத் தொடங்கி, விஷயத்தைச் சொல்லி முடிக்கக் கால்மணித்தியாலம் ஆயிற்றாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்ல செய்தியெல்லாம் அவருடைய மனைவி, சித்தி லைலா என்று பேர், அவதான் சொல்வது.

அவர் ஒலிவாங்கி ஒன்று வாங்க என் கடைக்கு வந்தபோதுதான் தானும் வாசிக்கப்போவதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காக்கா, ஒங்கட குரலக் கேட்டா சனம் கதை கேக்காது. மையித்துத் தூக்கிற சந்தூக்கத் தேடும்," என்றேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற வாய் எனக்கு.

அவர் கோபிக்கவில்லை. "அதுக்குத்தான் தம்பி ஸப்ரி. முப்பது வருசத்துக்குக் கிட்டக் கத்துறன். செத்தவர்ர பேரச் சொன்ன உடன சனம் செருப்ப மாட்டிக்கிட்டு ஓடிரும். மிச்சத்த ஒருத்தரும் கேட்டதில்ல. நான் கதைக்கிறத ஒரு மனிசராவது கடசி மட்டும் இரிந்து கேக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

இதைக் கேட்டபிறகு மறுப்பதற்கு எனக்கு நெஞ்சு வரவில்லை. டீச்சரும் சரி என்றார். அவருக்குக் கிடைத்த கதை இதுதான்: அல்பிரட் பிரபு என்கிற கிழவர் தன் மாளிகையில் இறந்துபோகிறார். சொத்துக்கு ஆசைப்பட்ட இரண்டு மருமக்கள் சாவை ஊருக்கு மறைத்து, உடலைத் தோட்டத்து மரத்தடியில் புதைத்துவிட்டு, பிரபு வெளியூர் போயிருப்பதாகக் கதை கட்டுகிறார்கள். அன்று தொடக்கம் ஒவ்வொரு மாலையும் வாசல் மணியை யாரோ அடிக்கிறார். போய்ப் பார்த்தால் ஆளில்லை. நாற்பது நிமிடக் கதை, வாசிக்கிறவரை விடாது.

எங்கள் வாசகர்கள் சத்தம் புகாத இடம் தேடிப் படும் பாடு தனிக் கதை. மருதமுனையில் தறிச்சத்தம், கடற்கரைப் பக்கம் போட் இயந்திரச் சத்தம். அச்சிமுகம்மது காக்கா கண்டுபிடித்த இடம் மனைவியின் சாரி அலுமாரி. கதவைத் திறந்து, தலையையும் ஒலிவாங்கியையும் சாரிகளுக்குள் விட்டுக்கொண்டு, உடம்பு வெளியே நிற்க வாசிப்பார். சாரி கசங்கும் என்று சித்தி லைலா பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருப்பா.

முதல் ஒலிப்பதிவு வந்தது. நான் பொய் சொல்லக்கூடாது, மனிதர் வாசிப்பில் மன்னன். மாளிகையின் இருட்டு என் கடைக்குள் வந்து இறங்கியது. பிரபு கட்டிலில் கண்ணை மூடுகிற இடமும் வந்தது. எழுத்தில் இருப்பது, "அவ்வாறே அவர் உயிர் பிரிந்தது" என்ற ஒரு வசனம்தான். காக்கா அதை வாசித்தார். மூச்சு எடுத்தார். பிறகு அந்த மணிக்குரலில், "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்னாரின் ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸர் தொழுகையின் பின்னர் மாளிகைக்கு அண்மையிலுள்ள மையவாடியில் இடம்பெறும்," என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பந்திக்குப் போய்விட்டார்.

போன் எடுத்துப் பேசினேன். "காக்கா, அவர் இங்கிலீசுக்காரர். நம்மட ஆள் இல்ல."

"மெய்யா?" என்றார் உண்மையான திகைப்போடு. "வாயில தானா வந்திட்டு தம்பி. திருத்தி அனுப்பிரன்."

திருத்தித்தான் அனுப்பினார். இரண்டாம் பதிவில் பிரபுவின் நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு அவ்வூர்த் தேவாலயச் சேமக்காலையில் நடைபெற்றது. நேரம் தவறாமல் வந்து கலந்துகொள்ளுமாறு உற்றார் உறவினருக்கு வேண்டுகோளும் இருந்தது. புதைத்ததை ஊருக்கே சொல்லியாகிவிட்டது. இனிப் பேய் எந்த முகத்தோடு வந்து மணியடிக்கும்? மிச்சம் முப்பது நிமிடக் கதையும் காற்றுப் போன டயராகிவிட்டது. திருப்பி அனுப்பினேன். மூன்றாம் பதிவில் அடக்கம் இல்லை. "அன்னார் இரு மருமக்களின் பாசமிகு மாமாவும் ஆவார்" என்பது மட்டும் இருந்தது. சாவை மறைத்துப் புதைத்த அந்த இரண்டு பேருக்கும் பாசமிகு மாமாவாம். அதோடு, மணியடிக்கும் கட்டத்தில் அவர் குரல் உயர்ந்ததும் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் "மெதுவா, மெதுவா" என்று சொல்வதும் பதிவாகியிருந்தது.

அந்த "மெதுவா" எனக்கு விளங்கும், ஊரில் எல்லாருக்கும் விளங்கும். சுனாமியாகக் கடல் வந்த வருஷம், பள்ளிவாசலில் மூன்று நாள் பெயர் வாசித்தது அச்சிமுகம்மது காக்காதான். கிடைத்த மையித்துகளின் பெயர்கள். நடுவில் ஒரு பெயர் பாத்தும்மா, சித்தி லைலாவின் தங்கச்சி. ஒலிவாங்கிக்கு முன்னால் தான் உடைந்தால் ஊரே உடைந்துவிடும் என்று காக்கா அந்தப் பெயரையும் மற்றப் பெயர்களைப் போலவே வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். ஊர்ச்சனம் அகதிகளாகத் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு சித்தி லைலா அதைக் கேட்டா. சண்டை பிடிக்கவில்லை, குறை சொல்லவில்லை. ஆனால் அன்று தொடக்கம் அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தாலே "மெதுவா" என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவா. இருபது வருஷமாக அப்படித்தான்.

ஆனாலும் விதி விதிதான். விதியை மீறுகிற ஆளாக இருந்தால் என் கடைக்கு இதற்குள் இரண்டாம் மாடி வந்திருக்கும். "காக்கா, இன்னும் ஒருக்காத்தான் இரிக்கி. இதுவும் பிழைச்சா கதை சிபானாவுக்குப் போயிரும்," என்று செய்தி அனுப்பினேன். சிபானா எங்கள் குழுவில் ஒரு பிழையும் விடாமல் வாசிக்கிற பிள்ளை.

அடுத்த நாள் காலையில் ஓட்டோ கடைவாசலில் நின்றது. காக்கா இறங்கி வந்து, திருத்தக் கிடந்த போன்களை ஒதுக்கிவிட்டு மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"தம்பி, நான் விளையாட்டுக்குச் செய்யல்ல. அந்த மனிசன் ஏன் வந்து மணியடிக்கிறான், சொல்லுங்க பாப்பம்?"

"பேய் காக்கா. அடிக்கும்தானே."

"இல்ல. ஊருக்கு அறிவிக்காம அடக்கிட்டானுகள். அறிவிக்க ஒருத்தரும் இல்ல. அவன் என்ன செய்வான், பாவம்? தான் மௌத்தாகினத தானே வீடு வீடாச் சொல்லித் திரியிறான். என்ட வேலைய அவன் செய்யிறான் தம்பி! எனக்கு வாய் இரிக்கிற நேரம், அந்த இடம் வந்தா எப்பிடி மூடிக்கிட்டுப் போற?"

அந்தக் கதையை ஆறு தரம் கேட்டவன் நான், தமிழாக்கியவர் டீச்சர். எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. பேய் என்றால் பயமுறுத்தும் என்பதோடு நாங்கள் நின்றுவிட்டோம். எரிச்சலாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. எரிச்சல் முந்திக்கொண்டது.

"சொல்லாம விட ஏலாதெண்டா, எங்கயாவது போய்ச் சொல்லி முடிச்சிட்டு வந்து வாசிங்க," என்றேன்.

போய்த் தொலையுங்கள் என்பதைத்தான் நான் அப்படிச் சொன்னேன். அவரோ தலையை ஆட்டி, "அது சரியான கதை," என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார்.

நேரே கடற்கரைக்குப் போயிருக்கிறார். கரைவலை இழுத்து முடித்து, மீன் பிரித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர். ஒலிபெருக்கியைப் போட்டு, அல்பிரட் பிரபு அவர்கள் தமது மாளிகையில் காலமானார் என்பதை மனக்குறை தீர முழுசாக அறிவித்தார். மீன்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு கிட்ட வந்து, "ஆரு காக்கா அது? எந்தக் குடி?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் செத்தவருக்கும் தாய்வழிக் குடி எதுவென்று கேட்காமல் விடமாட்டோம்.

"இங்கிலாந்து ஆள். நூறு வருசத்துக்கு முந்தி. ஊருக்குச் சொல்லாம அடக்கிட்டாங்க," என்றாராம் காக்கா.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். சிரிக்கவில்லையாம். "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு மீன் பிரிக்கப் போனார்களாம். இதை எனக்குச் சொன்னவர் அந்தக் குடி கேட்ட மனிதரேதான். போன் திருத்த வந்த இடத்தில் சொன்னார்.

நாலாம் பதிவு அன்று பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன்னமே வந்து சேர்ந்தது. கடையை அரைவாசி சாத்திவிட்டுக் கேட்டேன். அல்பிரட் பிரபு கட்டிலில் கிடக்கிறார். கண்ணை மூடுகிறார். "அவ்வாறே அவர் உயிர் பிரிந்தது." மூச்சு எடுக்கும் சத்தம். நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "மறுநாட் காலை மருமக்கள் இருவரும் வாசலைத் தாழிட்டனர்." எழுத்தில் உள்ளபடியே, ஒரு சொல் கூடாமல், குறையாமல். மணியடிக்கிற கட்டத்தில் குரல் உயர்ந்தது, சாரி அலுமாரியே அதிர்ந்தது. "மெதுவா" வரவில்லை. எழுந்துபோகும் கதிரைச் சத்தமும் வரவில்லை. நாற்பது நிமிடமும் ஒரு பிழை இல்லை.

கதை முடிந்தது. ஆனால் காக்கா பதிவை நிறுத்த மறந்துவிட்டார். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. பிறகு சித்தி லைலாவின் குரல், மிகவும் சின்னதாக.

"இஞ்சருங்க. தேத்தண்ணி ஊத்தணும்."

"ஊத்து புள்ள."

"குசினிக்குத் தனியப் போக ஏலாது. நீங்களும் வாங்க."

"பட்டப்பகல் ரெண்டரை மணி! என்னத்துக்குப் பயம்?"

"அந்த மனிசன் மணியடிக்கிறது காதுக்குள்ளயே இரிக்கி. வாங்களேன்."

இரண்டு சோடிச் செருப்பு நடந்துபோகும் சத்தம். கேத்தலில் தண்ணீர் விழும் சத்தம், தூரத்தில். அங்கே ஏதோ சொல்லிக்கொண்டிருந்த காக்கா, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். உடனே அங்கிருந்து அவ கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது.

"ஏன் நிப்பாட்டின? சத்தமாக் கதைச்சிக்கிட்டு நில்லுங்க, எனக்குக் கேக்கணும்."

விதிப்படி அந்தப் பகுதியை நான் வெட்டத்தான் வேண்டும். பென்சிலை வைத்துவிட்டு, காக்கா அடுப்படியில் நின்று நெல்விலை, மழை, ஓட்டோ டயர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் உரத்துப் பேசிக்கொண்டே இருந்ததைப் பதிவு தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.