உரசிய புளியங்கொட்டை

என்னிடம் ஒரு சுருக்குப்பை இருக்கிறது. உள்ளே, தாயம் உருட்டுவதற்காக ஒரு பக்கம் வெள்ளை தெரியக் கல்லில் உரசிய புளியங்கொட்டைகள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது. அதைத் தொடும்போதெல்லாம் எனக்குத் தாடை வலிக்கும். இத்தனைக்கும் அடிபட்டது என் தாடை இல்லை.

அறுபதுகளின் கடைசி. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி நடந்தால் எங்கள் பள்ளிக்கூடம். சமூகப் பாட வாத்தியார் அருப்புக்கோட்டை நெசவுக்கார வீட்டுப் பிள்ளை. அரசியல் சட்டத்தைப் புத்தகத்தில் படித்தால் சப்பென்று இருக்கும் என்று, வகுப்புத் தலைவருக்குத் தேர்தலே வைத்துவிட்டார் மனிதர். வீட்டிலிருந்து ஆளுக்கொரு புளியங்கொட்டை கொண்டுவர வேண்டும். கதவு மறைவில் இரண்டு கலயம், பிடித்தவர் கலயத்தில் போட வேண்டும். யார் போட்டது என்று ஆண்டவனுக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு. தாயக்கொட்டையை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அன்று காலை அவசரத்தில் என் கையில் அகப்பட்டது அதுதான்.

காலனிப் பையன் ஜெயித்தான். பானையிலிருந்து எல்லோருக்கும் குடிதண்ணீர் மொண்டு ஊற்றுவது தலைவர் வேலை. அவன் செம்பைத் தொட்ட செய்தி ஊருக்குள் போனதுதான் தாமதம், என் சித்தப்பா கம்போடு வந்துவிட்டார், பின்னால் இரண்டு பேர். பானையை எட்டி உதைத்தார். பையனைச் சுவரோடு சேர்த்து அறைந்தார். எண்ணி முடித்த அவன் கொட்டைகள் மேசைமேல் குவியலாகக் கிடந்தன.

“நம்ம தெருப் பிள்ளைக ஓட்டு விழாம இவன் ஜெயிச்சிருக்க மாட்டான். யார் யாருன்னு சொல்லும்யா.”

“எனக்கே தெரியாதுங்க. தெரியக் கூடாதுங்கிறதுதான் சட்டம்.”

என் கொட்டை வெள்ளைப் பக்கம் மேலாகக் கிடந்தது. அதை எனக்கு உரசித் தந்தவரே சித்தப்பாதான். என் கண் அதைவிட்டு நகரவில்லை. வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், சட்டென்று அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“என்னத்தய்யா முழுங்குற?”

கம்பு தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்தது, காய்ந்த விறகு முறிகிற சத்தத்தோடு. அடுத்த அடியில் மூக்கு உடைந்தது. கீழே விழுந்தவரை மூன்று பேரும் மிதித்தார்கள். இரத்தத்தோடு ஒரு பல் வெளியே வந்தது. கொட்டை வரவில்லை.

சாயங்காலம், வீங்கிய கையோடு சித்தப்பா எப்போதும்போல என்னுடன் தாயம் விளையாட உட்கார்ந்தார்.

“ஒண்ணு குறையுதே, தாயி?”

“தொலைஞ்சு போச்சு சித்தப்பா.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்ப் புதிதாக, சற்றுப் பெரிய கொட்டை ஒன்றைக் கல்லில் உரசத் தொடங்கினார். அந்தக் கையை அப்போது நான் வெறுத்தேன்.

தாடை கூடியதும் வாத்தியார் வந்தார். பேச்சு குழறியது. முதல் வேலையாகப் புதுப்பானை வைத்து, செம்பை அந்தப் பையன் கையில் கொடுத்தார். “அடுத்த தேர்தல் வரைக்கும் இவன்தான் தலைவர்.” வரிசையில் நானும் நின்று குடித்தேன்.

இன்று வாத்தியாரும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. நான் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போதெல்லாம், யாருக்கு என்று மகன் கேட்பான். சொல்ல மாட்டேன். “ஓட்டுல என்னம்மா பெரிய ரகசியம்?” என்று சிரிப்பான். சுருக்குப்பைக்குள் கைவிட்டு அந்தப் பெரிய கொட்டையைத் தடவிக்கொள்வேன். அந்த இடத்தில் இருந்ததை வாத்தியார் விழுங்கிவிட்டார்.