மூணாவது ஓலை

எங்க சபைச் செயலாளர் ராஜாமணியை நெனச்சாலே எனக்குப் பத்திகினு வரும். பைபிளை அக்குள்ல இடுக்கிகினு நடப்பான். மோட்சத்துச் சாவி தன் இடுப்புலதான் தொங்குதுன்னு நெனப்பு. அவன் லட்சணத்தைச் சொல்லணும்னா கிளியம்மாளைச் சொல்லணும்.

கிளியம்மாள் ஒரகடத்துல நடவு வேலை செஞ்சவ. புருஷன் செத்தப்புறம் சேத்துல நின்னே மக கலைமதியை வளத்தா. எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கு வந்து கடைசிப் பாயில உக்காருவா. ஆடிக் கிருத்திகை வந்தா, வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுத்துகினு போறவங்களுக்குத் தன் வூட்டு வாசல்ல மோர் ஊத்துவா. "தாகத்தோட வர்றவங்ககிட்ட எந்த சாமின்னு கேட்டா ஊத்துவாங்க?"ன்னுவா.

தொண்ணூத்தொண்ணுலயும் ஊத்தினா. அப்பதான் கலைமதிக்குக் கல்யாண ஓலை வாசிச்சிகினு இருந்தாங்க. எங்க வழக்கப்படி மூணு ஞாயிறு சபையில ஓலை வாசிச்சு, யாரும் தடை சொல்லலைன்னாதான் கல்யாணம். ரெண்டாவது ஓலை முடிஞ்சதும் ராஜாமணி எழுந்தான்.

"விக்கிரகத்தைக் கும்புடப் போறவனுக்கு மோர் ஊத்தினவ சபை முன்னால மன்னிப்பு கேக்கணும். இல்லாட்டி மூணாவது ஓலைக்கு நானே தடை சொல்வேன்."

மூணு மாசம் முன்னால நெஞ்சுவலியில கெடந்து பொழச்சு வந்து, கர்த்தரோட இரக்கத்தைப் பத்தி மணிக்கணக்குல சாட்சி சொன்னவன் இவன்! ஓலை வாசிச்ச எங்க பாதிரி ஐயர் தரையைப் பாத்தார். சபையே வாயை மூடிகினு இருந்தது. மணியடிக்கிற நானும்தான். தூ, நாங்கல்லாம் ஒரு மனுஷங்க!

அடுத்த ஞாயிறு கிளியம்மாள் எழுந்தா. ராஜாமணியைப் பாத்தே பேசினா.

"எம் பொண்ணு கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். வாய் வரலை. அன்னிக்கு உங்கண்ணன் பாண்டுரங்கனும் காவடியோட வந்தாரு. காலெல்லாம் கொப்புளம். இன்னா வேண்டுதல்ணேன்னு கேட்டேன். 'எந்தம்பி நெஞ்சுவலியில கெடந்தான், அவன் பொழைக்கணும்னு வேண்டிகினேன்'னாரு. அவருக்கு மோர் குடுத்தது தப்புன்னா, தடை சொல்லிடுங்கண்ணே."

அண்ணன் விபூதி பூசுறார்னு பதினோரு வருஷமா அவர் வூட்டு வாசலை மிதிக்காதவன் ராஜாமணி. ஐயர் மூணாவது ஓலையை வாசிச்சு, "தடை சொல்றவங்க உண்டா?"ன்னு கேட்டார். அவன் எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு.

கிளியம்மாளுக்கு அது போதலை. ஆராதனை முடிஞ்சதும் அவன் கையில ரெண்டு பத்திரிகை குடுத்தா. "ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு உங்கண்ணனுக்கு. நீங்களே போய்க் குடுத்துடுங்க." இவனுக்குப் போய் மரியாதையான்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

போனான். அண்ணன் வூட்டு வாசல்ல பத்திரிகையை நீட்டிகினு நின்னானாம். பாண்டுரங்கன் அந்தப் பத்திரிகையைப் பாக்கவே இல்லை.

"இப்ப நெஞ்சு வலிக்குதாடா?"ன்னு கேட்டாராம்.